தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்தவும்

குடிநீர் வாரியத்தின் தலைமை அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த மேல்நிலைத் தொட்டி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நிறைந்தது. சாயங்காலம் நான்கு மணிவரைக்கும் நிறைந்துகொண்டே இருந்தது. அன்றைக்குப் பம்ப் அறையில் வேலையிலிருந்தவர் பெரிய பொறியாளரின் மைத்துனர். அவர் பெஞ்சில் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வழிந்த தண்ணீர் பதிவேட்டு அறைக்குள் புகுந்து, நாற்பது வருடத்து ஓய்வூதியக் கோப்புகளைக் கூழாக்கிவிட்டது.

சும்மா விடுவார்களா? விசாரணைக் குழு போட்டார்கள். குழு பதினொரு முறை கூடியது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை கொடுத்தது. அதில் ‘தூக்கம்’ என்கிற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. பம்ப் அறைச் சுவரில் ‘தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்தவும்’ என்று பலகை இருந்ததாம். அது ஒரு நிபந்தனை வாக்கியமாம். நிபந்தனை வாக்கியத்தின் தர்க்க வடிவத்தை ஊழியர்கள் யாரும் உள்வாங்கவில்லையாம். தொட்டி வழிந்ததற்கு அதுவே மூலகாரணமாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அதற்கு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஆதாரம் வேண்டுமென்றால் அந்த அறிக்கையைப் படிக்கலாம்.

அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது. நிபந்தனை வாக்கியங்களைக் குறியீடாக மாற்றும் திறனைச் சோதிக்க ஒரு தேர்வு. அதற்கு மூன்று மாதப் பயிற்சி. கடைசி வரியைத் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்: ‘தேர்வில் தோல்வியடைபவர் பணியிலிருந்து நீக்கப்படுவார். நீக்கப்படுபவர் வாரியக் குடியிருப்பைப் பதினைந்து நாளில் காலிசெய்வார்.’

தேர்வுக்கே விண்ணப்பிக்காதவரைப் பற்றிச் சுற்றறிக்கை வாயைத் திறக்கவில்லை. இதைக் கவனித்தவர் வாரியத்திலேயே ஒரே ஒருவர்தான். அவர் பெரிய பொறியாளரின் மைத்துனர்.

மூன்றாம் எண் பம்ப் அறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்தவரை எல்லோரும் மோட்டார்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய தொட்டி ஒருநாளும் வழிந்ததில்லை. மேலே ஏறிப் பார்க்கவும் மாட்டார். மோட்டாரின் சத்தம் கொஞ்சம் கனத்தால் தொட்டி நிறைய இன்னும் நான்கு விரல்கடை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பம்ப் அறையை ஒட்டியே வாரியம் கொடுத்த இரண்டு அறை வீடு. அதில் அவர், மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகள்.

சுற்றறிக்கையை மகள் சத்தமாகப் படித்துக் காட்டினாள். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"வேலை போச்சுன்னா வீடும் போயிடும். நமக்குப் போக்கிடம் ஏதுங்க? எப்படியாவது பாஸ் பண்ணிடுங்க. பாஸ் பண்ணிட்டா ஒரு கவலையும் இல்லை."

"பண்ணிடுறேன்," என்றார் அவர். அந்த வீட்டில் யாருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

பயிற்சி, வாரியத்தின் பழைய சாமான் கிடங்கில் நடந்தது. துருப்பிடித்த வால்வுகளையும் உடைந்த மீட்டர்களையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். வகுப்பெடுக்க வந்தவர் தேர்வுப் பயிற்சியிலேயே தலை நரைத்தவர். எதைச் சொன்னாலும் கரும்பலகையில் ஒரு அம்புக்குறி போட்டு முடிப்பதால் முதல் நாளே அவருக்கு அம்பு சார் என்று பெயர் விழுந்துவிட்டது. 

"குழாய் உடைந்தால் தண்ணீர் கொட்டும். இதை எப்படி எழுதுவோம்? ‘கு’ போட்டு, ஒரு அம்பு போட்டு, ‘த’. அவ்வளவுதான். யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

மோட்டார்காரர் கையைத் தூக்கினார். "சார், எந்த இடத்துல உடையுதுங்கிறதைப் பொறுத்துங்க. மோட்டாருக்குக் கீழே உறிஞ்சுற குழாய் உடைஞ்சா காத்துதான் இழுக்கும். ஒரு சொட்டு கொட்டாது."

அம்பு சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். கருணையோடு அவரைப் பார்த்தார். "உங்களுக்கு விஷயம் தெரியுது. அதுதான் உங்க வியாதி. விஷயம் தெரிஞ்சவன் கேள்வியைப் படிச்சா யோசிப்பான். யோசிச்சா நேரம் போயிடும். ஒரு கேள்விக்கு நாப்பது செகண்டுதான். நீங்க தெரிஞ்சு வச்சிருக்கிறதை எல்லாம் மறக்கணும். அதுக்குத்தான் மூணு மாசம்."

பிறகு எழுதிப் போட்டார்: ‘குழாய் உடைந்தால் நிலா பச்சையாகும்.’ நாற்பது பேரும் நாற்பது செகண்டில் அம்பு போட்டார்கள். சார் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"‘மட்டுமே’ வந்தால்?" என்பார்.

"அம்பைத் திருப்பு!" என்று கிடங்கே அதிரும்.

"அம்பைத் திருப்பினால்?"

"இரண்டு பக்கமும் ‘இல்லை’ போடு!"

இதில் எல்லோரும் தடுக்கி விழுந்தது ஒரே ஒரு பள்ளத்தில்தான். ‘படித்தால் பரிசு’ என்று எழுதிப் போட்டால், ‘படிக்காவிட்டால் பரிசு கிடையாது’ என்று எல்லோரும் தானாகவே சேர்த்துக்கொண்டார்கள். அம்பு சார் மேசையைத் தட்டுவார். "அப்படி யார் சொன்னது? வாக்கியம் சொன்னதா? நீங்களா ஆசைப்பட்டுச் சேர்த்துக்கிட்டீங்க. இதுக்குப் பேரு ஆசைப்பிழை. ஒரு ஆசைப்பிழைக்கு ரெண்டு மதிப்பெண் போயிடும். வாக்கியம் எவ்வளவு சொல்லுதோ அவ்வளவுதான். மிச்சத்தைப் பத்தி அதுக்குக் கவலையே இல்லை."

வீடு போய்விடுமே என்கிற பயத்தில் மோட்டார்காரர் வெறிபிடித்த மாதிரி படித்தார். அவர் கிடங்கில் உட்கார்ந்து அம்பு போட்ட காலை வேளைகளில் மோட்டாரைப் பார்த்துக்கொண்டவள் மனைவிதான். இது வாரியத்துக்குத் தெரியாது. அவள் காய் நறுக்கிக்கொண்டே சத்தத்தைக் கேட்பாள். சத்தம் கனத்ததும் கத்தியை வைத்துவிட்டு எழுந்துபோய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு வருவாள். அவளுக்கு அம்புக்குறி ஒன்றும் தெரியாது.

இரண்டாம் மாதத்தில் வீட்டில் யாரும் அவரிடம் நிம்மதியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

"சாப்பிட்டா தட்டைக் கழுவி வைங்க," என்றாள் மனைவி.

"தட்டு கழுவியிருக்கு. அதை வச்சு நான் சாப்பிட்டேன்னு நீ முடிவு பண்ணக் கூடாது."

"அப்போ சாப்பிடலையா?"

"அதையும் நான் சொல்லலையே."

"அப்பா, சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டிக் குடுத்தா ஸ்கூலுக்குப் போயிடுவேன்," என்றாள் மகள்.

"ஒட்டாட்டி போகமாட்டேன்னு அர்த்தமில்லை," என்று புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலேயே சொன்னார். மகள் மூன்று கிலோமீட்டர் நடந்து போனாள். அன்றைக்குப் பிறகு அவள் அவரிடம் எதுவும் கேட்பதை விட்டுவிட்டாள். எனக்கே அந்த மனுஷனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

இதற்கிடையில் வாரியம் தன் பலகைகளை எல்லாம் குறியீட்டுக்கு மாற்றியது. பம்ப் அறைகளில் ‘நி → நி.மோ’ என்று எழுதினார்கள். நிறைந்தால் நிறுத்து மோட்டாரை என்று பொருள். மின்சாரப் பெட்டிகளில் மண்டை ஓட்டுப் படத்தை அழித்துவிட்டு, ‘தொ → சா’ என்று அழகான நீல நிறத்தில் எழுதினார்கள். தொட்டால் சாவு. படம் போடுவது படிக்காதவர்களுக்காம், வாரியத்தின் தரத்துக்கு ஒத்துவராதாம்.

துப்புரவுப் பணியாளர் ஒருவர் அந்தப் பெட்டியைத் துடைக்கப் போய்த் தூக்கி எறியப்பட்டார். வலது கை முழங்கைவரை வெந்துபோயிற்று. உயிர் மட்டும் எப்படியோ தப்பியது. கட்டுப் போட்ட கையோடு வந்தவரைப் பெரிய பொறியாளர் விசாரித்தார்.

"தொட்டியா?"

"தொட்டேங்க ஐயா."

"செத்தியா?"

"இல்லைங்க ஐயா."

"தொட்டால் சாவுன்னு வாரியம் எழுதி வச்சிருக்கு. நீ தொட்டிருக்கே, சாகலை. அப்போ வாரியம் எழுதினது பொய்யாகுதா இல்லையா? வாரியத்தைப் பொய்யாக்குறதுக்கு உனக்கு யார் அதிகாரம் குடுத்தது?"

அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. கும்பிடப் போனார், ஒரு கைதான் மேலே வந்தது. வாரிய வாக்கியத்தின் உண்மைத்தன்மைக்குக் களங்கம் விளைவித்ததாக அவரை மூன்று மாதம் இடைநீக்கம் செய்தார்கள். இப்படியா ஒரு தீர்ப்பு இருக்கும் என்று கேட்காதீர்கள். அம்பு சார் அதை வகுப்பில் மாதிரி வினாவாகவே நடத்தினார். எல்லோரும் சரியாகப் போட்டார்கள்.

வகுப்பில் மோட்டார்காரருக்குப் பக்கத்து நாற்காலி, வீடு வீடாகப் போய் மீட்டர் குறிக்கிற அக்காவுடையது. அவள் புருஷனுக்கு நெஞ்சில் அறுவைச் சிகிச்சை. தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எழுந்து நின்று மூன்று நாள் விடுப்பு கேட்டாள்.

அம்பு சார் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "‘குடும்பத்தில் மரணம் நேர்ந்தால் விடுப்பு.’ மரணம் நேர்ந்துதா?"

"ஐயோ, வாயை... இல்லைங்க சார். நல்லா இருக்காரு. ஆபரேஷன்தான்."

"அப்போ அம்பு கிளம்பவே இல்லையேம்மா. விடுப்பு இல்லை."

மோட்டார்காரர் துள்ளி எழுந்தார். "சார், அது ஆசைப்பிழை! மரணம் நேர்ந்தால் விடுப்புன்னுதான் வாக்கியம் சொல்லுது. மரணம் இல்லைன்னா விடுப்பு இல்லைன்னு சொல்லலையே!"

அம்பு சார் மெதுவாக நடந்துவந்து அவர் தோளைத் தட்டினார். கண்ணில் ஈரம்கூட இருந்தது. "முப்பது வருஷமாப் பாடம் எடுக்கிறேன். இப்படி ஒரு மாணவனை நான் பார்த்ததில்லை. இவருக்கு அஞ்சு மதிப்பெண் கூடுதல்."

மீட்டர் அக்காவின் முகம் மலர்ந்தது. "அப்போ லீவு உண்டுங்களா சார்?"

"மரணம் இல்லாட்டி விடுப்பு குடுக்கணும்னும் வாக்கியம் சொல்லலையேம்மா. உட்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். மோட்டார்காரர் தன் நோட்டில் ஐந்து மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டார். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை வயிற்றெரிச்சல்.

புருஷன் ஆறாம் நாள் செத்துப்போனான். விதிப்படி விடுப்பு உடனே கிடைத்தது. அடுத்த நாள் காலை அவள் சுடுகாட்டு வாசலில் நின்றபோது, இங்கே தேர்வுக்கு மணி அடித்தார்கள். வராதவருக்குப் பூஜ்யம், பூஜ்யம் வாங்கியவர் தோற்றவர், தோற்றவர் நீக்கப்படுவார். மூன்று அம்பும் வரிசையாக, ஒன்றும் பிசகாமல் போய்த் தைத்தன.

தேர்வில் நூறு கேள்விகள். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் கையெழுத்து போட வேண்டும். பின்னால் யாரும் மறுக்கக்கூடாது பாருங்கள். மோட்டார்காரர் மளமளவென்று போட்டுக்கொண்டே போனார். முப்பத்தேழாவது கேள்வியில்தான் கொஞ்சம் சிரித்தார். ‘தேர்வில் தோல்வியடைபவர் பணியிலிருந்து நீக்கப்படுவார். ஒருவர் தேர்ச்சி பெற்றுவிட்டார். அவர் பணியில் நீடிப்பாரா? அ. நீடிப்பார். ஆ. நீடிக்கமாட்டார். இ. சொல்ல முடியாது.’

ஆசைப்பிழைக்கு விரித்த வலை! பக்கத்து மேசைக்காரர் ‘அ’ போட்டு மாட்டிக்கொள்வதை ஓரக்கண்ணால் பார்த்துப் பரிதாபப்பட்டார். தான் ‘இ’ போட்டார். ஒன்பது செகண்டுதான் ஆனது. பெரிய எழுத்தில் கையெழுத்தும் போட்டார்.

நூற்றுக்கு நூறு. வாரியத்திலேயே முதலிடம்.

பாராட்டு விழாவுக்கு மனைவியும் மகளும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தாள். பெரிய பொறியாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"தண்ணி வரலை, தண்ணி வரலைன்னு ஜனங்க கத்துறாங்க. தண்ணி வரும்னு நாம எங்கயாவது சொன்னோமா? ‘இணைப்பு இருந்தால் கட்டணம்’. அதுதான் நம்ம வாக்கியம். இணைப்பு இருக்கு, கட்டணம் வாங்குறோம். அதுல தண்ணி எங்கே வருது? ஜனங்களுக்குத் தர்க்கம் தெரியலை. அதனாலதான் தாகம் எடுக்குது. ஆனா நம்ம ஊழியருக்குத் தெரியுது! இதோ, இவருக்குத் தெரியுது! இப்பேர்ப்பட்ட மூளையை ஒரு பம்ப் அறையில அடைச்சு வைக்கிறது பாவம் இல்லையா?"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. மனைவிதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். சான்றிதழை ஒரு உறையில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே இரண்டு தாள். ஒன்று சான்றிதழ். இன்னொன்று, நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு மூன்றாம் எண் பம்ப் ஆபரேட்டர் பணியிலிருந்து நீக்கப்படுகிறார், பதினைந்து நாளில் குடியிருப்பைக் காலிசெய்வார் என்கிற உத்தரவு. அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்டவர் மைத்துனர். தலைமை அலுவலகத் தொட்டியை மூடிவிட்டதால் அவருக்கு ஒரு வேலையும், அதோடு ஒரு வீடும் தேவைப்பட்டன.

மோட்டார்காரர் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு ஓடினார்.

"ஐயா, நான் பாஸுங்க. நூத்துக்கு நூறுங்க. ஏதோ தப்பு நடந்துபோச்சு."

பெரிய பொறியாளர் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்பு சாரைப் பார்த்தார். சார் பையிலிருந்து விடைத்தாளை எடுத்து முப்பத்தேழாவது கேள்வியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"தேர்ச்சி பெற்றவர் பணியில் நீடிப்பாரா? என்ன பதில் போட்டிருக்கீங்க?"

"சொல்ல முடியாதுன்னு..."

"கரெக்டான பதில். முழு மதிப்பெண் குடுத்திருக்கு. இப்போ வந்து நீடிக்கணும்னு கேட்டீங்கன்னா, உங்க பதிலை நீங்களே தப்புன்னு சொல்ற மாதிரி ஆயிடும். அப்புறம் நூறு எப்படி நிக்கும்?"

"ஐயா, உங்க மச்சான் பரீட்சையே எழுதலையேங்க!"

"எழுதலை. அதனால தோக்கலை," என்றார் பெரிய பொறியாளர். "தோத்தாத்தானே நீக்கணும்?"

"எழுதாதவரைப் பத்தி..." என்று மோட்டார்காரர் ஆரம்பித்தார். அவருடைய வாய் தானாகவே மூடிக்கொண்டது. மூன்று மாதப் பயிற்சி வீண் போகவில்லை. சுற்றறிக்கையில் ஓட்டை எங்கே என்று மனசுக்குள் அம்பு போட்டுப் பார்த்தார். எங்கேயும் இல்லை. எல்லாம் சரியாகவே இருந்தது. அம்பு சார் வாசல்வரை வந்து, "உங்களை மாதிரி ஒருத்தர் இனிமே எனக்குக் கிடைக்கமாட்டார்," என்று கையைப் பிடித்துக்கொண்டார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

பதினைந்தாம் நாள் காலை வீட்டுச் சாமான்களைச் சின்ன லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மனைவியின் அண்ணன் வீட்டில் ஒரு அறை கொடுக்கிறேன் என்றிருந்தார். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. வாசலில் பாய், பாத்திரம், மகளின் புத்தகமூட்டை. பம்ப் அறைக்குள் மைத்துனர் மோட்டாரைப் போட்டுவிட்டு பெஞ்சில் சாய்ந்திருந்தார்.

மோட்டாரின் சத்தம் கனத்தது. மனைவி நிமிர்ந்து பார்த்தாள். மோட்டார்காரரும் நிமிர்ந்தார். நான்கு விரல்கடை. இரண்டு. ஒன்று. மேலேயிருந்து தண்ணீர் சடசடவென்று கொட்டிப் பாயிலும் புத்தகமூட்டையிலும் தெறித்தது.

"என்னங்க, நிக்கிறீங்க? போய் நிறுத்துங்க!"

அவர் சுவரில் இருந்த ‘நி → நி.மோ’ பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தொட்டி நிறைந்தால் மோட்டாரை நிறுத்துன்னு இருக்கு. யார் நிறுத்தணும்னு இல்லை."

மனைவி கையிலிருந்த குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். மைத்துனரின் நீட்டிய காலைத் தாண்டிப் போய்ச் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். மோட்டார் நின்றது. அந்தச் சத்தமின்மையில்தான் மைத்துனருக்கு விழிப்பு வந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பதிவேட்டை எடுத்தார், ‘தொட்டி நிறைந்தது, மோட்டார் உரிய நேரத்தில் நிறுத்தப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து போட்டார். அந்த மாதம் சிறந்த ஊழியர் அவர்தான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். மோட்டார் நின்றிருக்கிறது, ஆகவே ஆள் விழித்திருந்தார் என்று வாரியம் முடிவுசெய்ததாம். அம்பு சார் இதற்கு யாரிடமும் இரண்டு மதிப்பெண் கழிக்கவில்லை.

மனைவி தொப்பலாக நனைந்து திரும்பி வந்தாள். மூச்சு வாங்கியது. கண்ணில் ஒரு சின்ன வெளிச்சம் இருந்தது, பாவம்.

"நாம நிறுத்திக் குடுத்தோம்ல? இதைக் கேள்விப்பட்டா உங்களைத் திரும்பக் கூப்பிடுவாங்க, இல்லைங்க?"

"அது ஆசைப்பிழை," என்றார் அவர். குரல் அச்சு அசலாக அம்பு சாரின் குரல். "நிறுத்தினா கூப்பிடுவோம்னு எங்கயும் எழுதலையே. ரெண்டு மதிப்பெண் போயிடும்."

அவள் அவரையே கொஞ்சநேரம் பார்த்தாள். நனைந்த புத்தகங்களைப் பிழிந்து வண்டியில் வைத்தாள். மகளை ஏற்றிவிட்டுத் தானும் முன்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"வண்டியை எடுங்க," என்றாள் டிரைவரிடம்.

"அண்ணன் இன்னும் கீழேயே நிக்கிறாரே அக்கா?"

"ஏறினா கூட்டிட்டுப் போவோம்."

"ஏறலைன்னா?"

அவள் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

அந்த வாக்கியம் எவ்வளவு சொல்கிறது, எவ்வளவு சொல்லவில்லை என்பது அந்த வாரியத்திலேயே மோட்டார்காரருக்குத்தான் நன்றாகத் தெரியும். செருப்பில் ஒன்று சேற்றில் சிக்கிக்கொண்டது. அதை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, பின்னால் பாத்திரங்களுக்கு நடுவே தொற்றி ஏறிக்கொண்டார்.